ரொட்டி டப்பாவில் ஒரு தாடை

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருவதாக அத்தை அறிவித்தாள். 'சொன்னாள்' என்று எழுதினால் பொய்யாகிவிடும். அத்தைக்கு ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் அறிவிக்கிற வேலை. அந்தப் பழக்கத்தில், சாப்பாட்டு மேசையில் அவள் உப்பு கேட்டால்கூட உப்பு மூன்றாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருப்பதாகத்தான் காதில் விழும்.

"தம்பியைப் பாக்க வர்றேன். நாலு மணிக்கு வருவேன், ஆறு மணிக்குக் கிளம்புவேன். டிபன், காப்பி, பலகாரம் எதுவும் வேண்டாம். தண்ணி நானே கொண்டு வர்றேன்."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தது அப்பாவின் பிழை. கடைசி வாக்கியம் சமையலறை வரை போய் அம்மாவைத் தொட்டது.

"தண்ணியிலயும் மாவு கலந்துருவேன்னு நினைக்கிறாங்களா?"

சந்தேகம் அப்படியொன்றும் அநியாயமானதல்ல என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தைக்கு தானியம் ஆகாது, பாலும் ஆகாது. கோதுமை, அரிசி, சோளம், வெண்ணெய், தயிர் எது உள்ளே போனாலும் வயிறு போராட்டத்தில் இறங்கிவிடும். டாக்டரே சொன்ன விஷயம். டாக்டர்கள் சொல்லும் எல்லாவற்றையும் நம்பும் அம்மா, இதை மட்டும் நாத்தனாரின் அலட்டல் என்று வகைப்படுத்தி வைத்திருந்தாள். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியும்" என்று யாராவது சொன்னால் ஓட்டச் சொல்லிப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை. எனவே மூன்று வருடத்துக்கு முன்பு, "கோதுமையே போடலை அண்ணி" என்று சொல்லிக் கொடுத்த கேக்கில் ஒரு கரண்டி கோதுமை மாவைப் போட்டுச் சோதித்துப் பார்த்தாள்.

சோதனையின் முடிவு மறுநாள் காலை ஒலிபெருக்கியில் வெளியானது. "பயணிகளின் கனிவான கவனத்துக்கு, வண்டி இன்னும் சற்று நேரத்தில்" என்பதோடு குரல் நின்றது. நாற்காலி தள்ளப்படும் சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. எந்த நடைமேடை என்று தெரியாமல் ஜனங்கள் பெட்டிகளோடு படியேறி, படியிறங்கி, மறுபடி படியேறினார்கள்.

அதன் பிறகு அத்தை இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பியிடம் தொலைபேசியில் மட்டும் பேசுவாள். அப்பா வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர். வெளியே எவ்வளவு பெரிய முரடனுக்கும் அட்டை காட்டுவார். வீட்டுக்குள் அவர் ஒருமுறைகூட விசில் ஊதியதில்லை.

"ஒரு வாய்," என்றாள் அம்மா, மகனைப் பார்த்து. "என் வீட்டுல அவங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும். இல்லன்னா இனிமே இந்த வாசல் மிதிக்க மாட்டாங்க. சாகற வரைக்கும் நான் மாவு போட்டவதான்."

மகனுக்கு வெளியே பெயர் 'செட்டு'. பல்செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பதால் நண்பர்கள் வைத்தது. இப்போது வீட்டிலும் அதுதான் புழக்கம். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் சுண்ணக்கலவை ஊற்றித் தாடை வார்த்து, அந்தத் தாடைக்குப் பொருந்தப் பல்வரிசை செய்து கொடுப்பது இவன் வேலை. கைவேலை தெரிந்தவன் என்பதால் வீட்டில் கேக், பிஸ்கட் எல்லாம் அவன் பொறுப்பு. அவன் யோசித்துச் சொன்னது கிரம்பிள். அடியில் பழத்துண்டுகள், மேலே உதிர் உதிராகப் பிசைந்த மாவு, ஓவனில் வைத்தால் கீழே குழைந்து மேலே சிவக்கும்.

"மாவா?" என்றாள் அம்மா.

"மாவுக்குப் பதிலா பாதாம் பொடி, தேங்காய்த் துருவல். வெண்ணெய்க்குப் பதிலா தேங்காய் எண்ணெய். ஆப்பிளும் பேரிக்காயும் அடியில."

"நல்லது. மேல அக்ரூட்டை முழுசு முழுசாப் போடு. கடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்."

செட்டு அவசரமாகக் குறுக்கிட்டான். "மெத்துனு இருக்கட்டும்மா."

"ஏன்? அவங்களுக்கு வயித்துலதான் கோளாறு, பல்லுல இல்ல. அந்தப் பல்லைப் பத்தி என்னென்ன பேசுவாங்க! எனக்கு ஒரு பல்லு போனதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'பொண்ணு பாக்க வந்தப்பவே பல்லைப் பிடிச்சுப் பாத்திருக்கணும்'னு. என் காதுபடவே சொன்னாங்க."

செட்டு வாயை மூடிக்கொண்டான். மூட வேண்டிய காரணம் அவனுடைய லாக்கரில் இருந்தது.

போன மாதம் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து மேல்தாடை அச்சு வந்தது. பெயர் வராது, எண் மட்டும்தான். முன்பக்கம் நான்கைந்து பல் சொந்தம். இரண்டு பக்கமும் கடைவாய் வெறும் ஈறு. அந்தச் சொந்தப் பற்களில் இடது கோரைப்பல், பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு முண்டுகிறவனைப்போல, பக்கத்துப் பல்லின் மேல் தோளைச் சாய்த்திருந்தது. அந்தப் பல்லை அவன் அப்பாவின் வாயில் பார்த்திருக்கிறான். தினமும் காலையில் கண்ணாடியில் தன் வாயிலும் பார்க்கிறான். அச்சோடு வந்த சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார்: 'ஒலிபெருக்கியில் பேசுபவர். உச்சரிப்பு பிசகக் கூடாது. வெளியே தெரியக் கூடாது.' மூன்றாவது வாக்கியத்துக்கு அடியில் கோடு.

அந்தப் பல்லும் அந்த வேலையும் சேர்ந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

செட்டு தன் தொழில் வாழ்க்கையிலேயே மிகக் கவனமாகச் செய்த பல்வரிசை அது. முதலில் செய்தது, 'நிறம் வெளுப்பு அதிகம்' என்று திரும்பி வந்தது. இரண்டாவது போனது போனதுதான். திரும்பி வந்த பல்வரிசையும், தாடையின் வார்ப்பும் அவனிடமே தங்கிவிட்டன. ஒருவர் வாய் விஷயம் இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். "இந்தத் தொழில்ல வாய்தான்டா முதல்," என்பார் முதலாளி, "அடுத்தவங்க வாய்."

ஆக நிலைமை இது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டாக வேண்டும். முழு அக்ரூட்டைக் கடித்தால் பல்வரிசை பெயர்ந்து மேசையில் விழும். விழுந்தால் அத்தை ஆயுளுக்கும் வரமாட்டாள். இதை அம்மாவிடம் சொல்லவும் முடியாது. பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னவளுக்குப் பதில் தர அம்மா எத்தனை வருடமாகக் காத்திருக்கிறாளோ.

சனிக்கிழமை அம்மா வகுப்புக்குப் போன பிறகு, செட்டு ஒரு துணிப்பையிலிருந்து தாடைகளை எடுத்தான். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரு கீல் போட்ட இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கையால் ஆட்டினால் மெல்லும். மேல்தாடையில் அந்த வெளுத்த பல்வரிசையை மாட்டினான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் விதவிதமாகக் கிரம்பிள் வேகவைத்தான்.

அக்ரூட் போட்டதைக் கடிக்க வைத்தான். பல்வரிசை துள்ளிக் குதித்து பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. கொரகொரப்பான பாதாமில், குருணை போய்த் தகட்டுக்கும் ஈறுக்கும் நடுவே குடியேறியது. மூன்றாவதற்குத் தோல் நீக்கிய பாதாமை மை போல அரைத்து, உறைந்த தேங்காய் எண்ணெயை விரல்நுனியால் தேய்த்து உதிர்த்து, மேலே அலுமினியத் தாள் மூடி நீராவியில் பதப்படுத்தி, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் திறந்து சிவக்கவிட்டான்.

"ஆ காட்டுங்க," என்றான் தாடையிடம், கரண்டியை நீட்டி. "மெதுவா. அவசரமே இல்ல. இடது பக்கமா மெல்லுங்க."

"யாருடா அது?"

அம்மா வாசலில் நின்றாள். யாரோ ஒரு மாணவர் பின்பக்கமாக ஓட்டி, ஓட்டுநர் பள்ளியின் பெயர்ப்பலகையையே சாய்த்துவிட்டதால் வகுப்பு சீக்கிரம் முடிந்திருந்தது.

"சோதனைம்மா. தொழில் விஷயம்."

"பிளாஸ்டர் வாய்க்குப் பலகாரம் ஊட்டுறதுதான் தொழிலா? பசிக்குதாமா அதுக்கு?"

"பல்செட்டு எவ்வளவு தாங்கும்னு பாக்கறேன்."

"யாரு வாய் இது?"

"எங்களுக்கு நம்பர்தான் வரும். யாருன்னே தெரியாது."

அம்மா குனிந்து பார்த்தாள். வண்டியில் விழுந்த கீறலைப் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தாள். அம்மாவின் வலது கால் தரையை ஒருமுறை அழுத்தியது. மாணவர்கள் லாரிக்கு அடியில் போகப் பார்க்கும்போது தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். வீட்டில் அதிர்ச்சி எது வந்தாலும் அந்தக் கால் தானாக மிதிக்கும்.

"ம்," என்றாள். நிமிர்ந்தாள். அடுப்பு மேடையில் இருந்த அக்ரூட் பொட்டலத்தை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். "பாதாமை இன்னொரு சுத்து அரை."

"மொறுமொறுன்னு வேணும்னு சொன்னே?"

"நான் எப்ப சொன்னேன்? வயசானவங்களுக்கு மெத்துனு இருந்தாத்தான்டா நல்லது."

அம்மாவுக்கு மனம் மாறிவிட்டதில் செட்டுக்கு நிம்மதி. பொய் சொல்லும்போது தன் முகம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓவனை அறுவை சிகிச்சை அறைபோலத் துடைத்தாள். பழைய மரக்கரண்டியில் எந்தக் காலத்து மாவு ஒளிந்திருக்குமோ என்று புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள். பழம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, பட்டைத்தூள் தூவி, மேல்மாவைப் பரப்பித் தாளால் மூடியானதும் இருவரும் உடை மாற்றப் போனார்கள். "ஓவன் சூடானதும் உள்ள வைங்க, அவ்வளவுதான் உங்க வேலை," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா தாளைத் தூக்கி ஒரு துண்டு பேரிக்காயைத் தின்று பார்த்தார். இனிப்பு போதவில்லை. தன் ரகசிய இருப்பிலிருந்து ஒரு கைப்பிடி பேரீச்சம்பழத்தைக் கிள்ளிக் கிள்ளி ஒரு ஓரமாகச் செருகினார். தாளை மூடினார். உள்ளே வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. நடுவர்கள் தங்கள் முடிவுக்கு விளக்கம் தருவதில்லை.

அழைப்பு மணி நான்கு மணிக்கு அடித்தது. அத்தையைப் பொறுத்தவரை தாமதம் என்பது வண்டிகளுக்குத்தான். அப்போதுதான் செட்டுக்கு ஞாபகம் வந்தது, தாடை இன்னும் சமையல் மேடையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது. அவன் நகர்வதற்குள் அம்மா அதை அப்படியே வாரி ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"அங்கயா?"

"இந்த வீட்டுல அவங்க கைபடாத ஒரே சாமான் அதுதான்."

தாடை ஏன் அத்தையின் கண்ணில் படக்கூடாது என்று அம்மா நினைக்கிறாள் என்பதை யோசிக்க செட்டுக்கு நேரமில்லை.

அத்தை உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. மேசையில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள், எல்லைக்கல் நடுவதுபோல. தம்பியின் உடம்பு, சம்பளம், தலைமுடி ஆகியவற்றின் தற்போதைய நிலவரத்தை விசாரித்தாள். அம்மாவின் பக்கம் பார்வை திரும்பவே இல்லை.

அம்மா கிரம்பிளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வைத்ததும் ஆப்பிளும் பட்டையுமாக ஆவி எழுந்தது. மேலே தங்க நிறம். ஓரங்களில் சாறு கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி. அன்னிக்கு ஒரு கரண்டி மாவு போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். தப்பு என்னோடது."

அப்பா கூரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு இதுல ஆப்பிள், பேரிக்காய், பாதாம், தேங்காய், தேங்காய் எண்ணெய், தேன், எலுமிச்சை, பட்டை, உப்பு. அவ்வளவுதான். வேணும்னா நான் முதல்ல சாப்பிடறேன்."

அத்தை அந்தப் பெயர்களை வண்டி நிற்கும் ஊர்களைக் கேட்பதுபோலக் கேட்டாள். அம்மா ஒரு கரண்டி தின்றுகாட்டினாள். அத்தை கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"கொஞ்சமா வை," என்றாள் அத்தை.

முதல் வாய் உள்ளே போனது. செட்டு மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டான். தாடை ஆடியது. பல்வரிசை அசையவில்லை. அரைத்தது வீண்போகவில்லை. இரண்டாவது வாய். "ம்," என்றாள் அத்தை. அந்த வீட்டில் அவளிடமிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அது. மூன்றாவது வாயில் அவள் நின்றாள்.

வாய் மூடியபடி இருந்தது. கன்னம் ஒரு பக்கம் உப்பி, மேலுதடு கீழே இறங்கியது. கை மெதுவாக வாய்க்குப் போயிற்று. எதுவோ ஒட்டிப் பிடித்து இழுத்துத் தகட்டைக் கழற்றிவிட்டது என்று செட்டுக்குப் பார்த்ததுமே புரிந்தது. எது என்றுதான் புரியவில்லை.

"என்னக்கா? கல்லா?" அப்பா எழுந்தார். "கல்லு கடிச்சிருச்சா? வாயைத் திற, பாப்போம்." கைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு அக்காவின் முகத்தருகே குனிந்தார்.

அத்தையின் கண்கள் அகன்றன. இத்தனை வருடத்தில் அவள் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்தாள்.

அம்மாவும் பார்த்தாள். "பல்லைப் பிடிச்சுப் பாத்திருக்கணும்" என்ற வாக்கியத்துக்குப் பதில், மேசைக்கு அந்தப் பக்கம், எட்டும் தூரத்தில் இருந்தது. அம்மா ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

அம்மாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"ஐயையோ!" வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். "என் பல்லு! புட்டுக்கிட்டு விழுந்துருச்சு! மேசைக்கடியில எங்கயோ உருண்டு போச்சு! ஏங்க, அந்த வெளிச்சத்தை இங்க கொண்டாங்க! மிதிச்சுராதீங்க, மிதிச்சுராதீங்க! டேய் செட்டு, நீயும் குனிடா, உன் வேலைதானே அது!"

அப்பா விளக்கோடு மேசைக்கடியில் புகுந்தார். பின்னாலேயே செட்டும் தவழ்ந்து போனான். அங்கே நாற்காலிக் கால்களும் ஒரு பழைய பொத்தானும் தவிர எதுவுமில்லை. அப்பா பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் ஆராய்ந்தார். செட்டு நிமிர்ந்து பார்த்தபோது, நாற்காலிக்குப் பின்னால் அம்மாவின் இடதுகை இறுக்கி மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே, அவனே செய்து கொடுத்த ஒற்றைப் பல்.

மேலே பாட்டில் மூடி திறக்கும் சத்தம். தண்ணீர். பிறகு மெல்லிய 'டக்'. தகடு ஈறில் சரியாக உட்காரும் சத்தம். அந்தத் தொழிலில் இருப்பவனைத் தவிர யாருக்கும் அது சத்தமாகவே படாது.

அந்தத் தரையில், அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான், அம்மாவுக்குச் சனிக்கிழமையே எல்லாம் தெரியும் என்பது செட்டுக்கு விளங்கியது. அந்தக் கோரைப்பல்லோடு அவள் குடும்பம் நடத்துகிறாள். அதே பல்லோடு ஒருவனைப் பெற்று வளர்த்தும் இருக்கிறாள்.

"தம்பி, எழுந்திரு," என்றது அத்தையின் குரல், ஒரு எழுத்தும் பிசகாமல். "பல்லெல்லாம் கிடைச்சிருச்சு."

அப்பா பொத்தானோடு எழுந்தார். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன்டா உன்கிட்ட, இவ பல்லை…"

அம்மா ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அத்தை நிறுத்தினாள். ஓர் அறிவிப்பை அவள் பாதியில் நிறுத்தியது இது இரண்டாவது தடவை.

"ஒரு பல்லு போனாலும், சிரிப்பு பாக்க நல்லாத்தான் இருக்கு," என்று முடித்தாள். கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் ரெண்டு கரண்டி வை. பேரீச்சம்பழம் இல்லாத பக்கமா வை."

"பேரீச்சம்பழமா?" என்றாள் அம்மா.

"பேரீச்சம்பழமா?" என்றான் செட்டு.

மூன்று தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. அப்பா பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிப்பு பத்தலை," என்றார், சிவப்பு அட்டை வாங்கினவர் மைதானத்தை விட்டுப் போகும் குரலில்.

ஆறு மணிக்கு அத்தை புறப்பட்டாள். வாசற்படியில் செட்டின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அத்தைக்கு ரகசியம் பேச வரும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

"இடது பக்கம் லேசாத் தூக்குதுடா. புதன்கிழமை டாக்டர்கிட்ட போறேன். உன் கைக்குத்தானே வரும்? கவனிச்சுப் பண்ணு."

"எது அத்தை?"

"நடிக்காதே. உனக்கு வரலை. முதல்ல அனுப்பினியே, சுவருக்கு அடிக்கிற வெள்ளையில. அப்பவே தெரியும், இது எங்க வீட்டுப் பையன் வேலைதான்னு."

பிறகு அவள் தெருவில் இறங்கி, திரும்பி நின்று, எதிர் வீட்டு ஜன்னல்களும் பயன்பெறும் வகையில் அறிவித்தாள்:

"அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு வர்றேன்!"

"சரி அண்ணி!"

"தண்ணி கொண்டு வர மாட்டேன்!"

அம்மா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள். அன்று இரவு பாத்திரங்களை அவளே கழுவினாள், யாரையும் திட்டாமல்.

இந்தச் சந்தோஷத்தில் அம்மாவும் செட்டும் ஒன்றை மறந்துபோனார்கள். திங்கட்கிழமை காலை அப்பா ரொட்டி எடுக்க டப்பாவைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு வாய் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் அலறவில்லை, நிதானமாக வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோரைப்பல்லைப் பார்த்தார். நாக்கால் தன் கோரைப்பல்லைத் தடவிப் பார்த்தார்.

"டேய், என் வாயை எப்படா அச்செடுத்தே?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க தூங்கறப்பதான். ஆன்னு திறந்து வச்சுட்டுத்தானே தூங்கறீங்க?"

அப்பா இந்த விளக்கத்தை நாலாபக்கமும் யோசித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. தாடையை டப்பாவிலேயே திரும்ப வைத்து, பக்கத்திலிருந்த ரொட்டியில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் வாயை இறுக மூடிக்கொண்டு தூங்குகிறார். குறட்டையும் நின்றுவிட்டது.